ஐஆர்சி-யில் நிக் பதிவு செய்வதும் காப்பதும்: முழுமையான வழிகாட்டி

மதுரையில் கல்லூரி முடிக்கும் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருள் பக்கம் வந்தால், கொஞ்ச நாளிலேயே யாராவது "ஐஆர்சி-ல போய்க் கேளு" என்று அனுப்பிவிடுவார்கள். ஐஆர்சி என்பது எழுத்தில் பேசிக்கொள்ளும் பழைய இணைய அரட்டை முறை. பைத்தான், விக்கிமீடியா என்று பல திட்டங்களின் சேனல்கள் (கூடிப் பேசும் அறைகள்) லிபெரா சாட் என்ற ஐஆர்சி வலையில் இருக்கின்றன. அங்கே ஒரு நிக், அதாவது அரட்டையில் உங்களுக்கான பெயர், பதிவு செய்வது இரண்டு கட்டளை வேலை. அதில் யாரும் தடுமாறுவதில்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். சேனலுக்குள் போய் உட்கார்ந்த பிறகு பதிவு செய்கிறார்கள். தானாக உள்நுழைய ஏற்பாடு செய்யும் முன்பே பாதுகாப்பை இறுக்கிவிடுகிறார்கள். கடைசியில் தங்கள் நிக்கிலிருந்து தாங்களே வெளியே தள்ளப்பட்டு, "அண்ணே, என் பேரைக் காணோம்" என்று போன் வருகிறது.

கீழே இருக்கும் வரிசை லிபெரா சாட்டுக்கானது. மற்ற வலைகள் எங்கே மாறுபடும் என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் இணைந்த பிறகு

/எம்எஸ்ஜி நிக்சர்வ் ஹெல்ப்

என்று அனுப்புங்கள். எம், எஸ், ஜி மூன்று எழுத்தும் ஒட்டி வரும். எல்லாக் கட்டளைகளின் சரியான எழுத்தும் பட்டியலாக வந்துவிடும். நிக்சர்வ் என்பது பெயர்களைப் பதிந்து வைத்திருக்கும் ஒரு நிரல், ஆள் கிடையாது. நடுவில் இடைவெளி விடாதீர்கள். கடைசியில் "சர்வர்" என்று நீட்டவும் வேண்டாம், அப்படி ஒருவர் அங்கே இல்லை.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு மெயில் முகவரி. நிக்குக்கு ஆதாரம் பாஸ்வேர்ட், பாஸ்வேர்ட் தொலைந்தால் ஆதாரம் மெயில். அதனால் கல்லூரி கொடுத்த மெயிலைப் போடாதீர்கள். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகளில் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். இறுதியாண்டில் பதிவு செய்துவிட்டு, வேலைக்குப் போன பிறகு பாஸ்வேர்ட் மறந்து, மீட்புக் கடிதம் இல்லாத முகவரிக்குப் போய்க்கொண்டிருந்த கதைகள் உண்டு. அண்ணன் மெயில், அப்பா மெயில், பத்து நிமிடத்தில் மறையும் தற்காலிக மெயில் எதுவும் வேண்டாம். இன்னும் பத்து வருடம் உங்களிடமே இருக்கும் முகவரி எதுவோ அதுதான்.

அடுத்து பாஸ்வேர்ட். மெயிலின் பாஸ்வேர்டையே இங்கேயும் போடக் கூடாது. ஒன்று கசிந்தால் மற்றதும் போய்விடும், மீட்க வழியே இருக்காது. நடுவில் இடைவெளி விடாதீர்கள். கட்டளையில் இடைவெளி வந்தால் நிக்சர்வ் அதோடு பாஸ்வேர்ட் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்திலும் வைக்க வேண்டாம். "கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரு விசைப்பலகை ஒரே குறியாக அனுப்பும், இன்னொன்று இரண்டு குறியாக அனுப்பலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், நிக்சர்வுக்கு வெவ்வேறு பாஸ்வேர்ட். போனில் வேலை செய்தது லேப்பில் செய்யாது.

மூன்றாவது, உங்கள் சொந்தக் கணினி அல்லது போன். ஜெராக்ஸ் கடையிலோ நெட் சென்டரிலோ உட்கார்ந்து பதிவு செய்யாதீர்கள். நீங்கள் தட்டிய பாஸ்வேர்ட் அந்த மென்பொருளின் பதிவுக் கோப்பில் அப்படியே கிடக்கலாம்.

2. நிக் தேர்வு

காகிதத்தில் நான்கைந்து பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கப் புழங்கும் வலை அது. பாண்டி, மீனா, அழகர் எல்லாம் ஏற்கெனவே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

லிபெராவில் நிக் அதிகபட்சம் 16 எழுத்து. ஆங்கில எழுத்துகள், எண்கள், கீழ்க்கோடு, ஹைஃபன், சதுர அடைப்பு, நெளி அடைப்பு, இன்னும் சில குறிகள். இவ்வளவுதான் செல்லும். தமிழ் எழுத்து செல்லாது. விசைப்பலகை தமிழில் இருப்பதை மறந்து நிக் தட்டினால் "எர்ரோனியஸ் நிக்நேம்" என்று பிழை வரும். சேனலில் பேசுவதற்குத் தமிழ் தாராளமாகச் செல்லும், நிக்குக்கு மட்டும்தான் இந்தக் கட்டுப்பாடு.

நம்மூர் ஆட்கள் இரண்டு இடத்தில் மாட்டுகிறார்கள். ஒன்று, இனிஷியல். பள்ளிக்கூடப் பழக்கத்தில் எம், புள்ளி, பாண்டி என்று தட்டுவார்கள். புள்ளி செல்லாது, இடைவெளியும் செல்லாது. இனிஷியல் வேண்டுமென்றால் ஒட்டி எழுதுங்கள், அல்லது கீழ்க்கோடு போடுங்கள். இன்னொன்று, வண்டி எண். மதுரைக்காரன் என்று காட்ட 58, 59, 64 என்று ஆர்டிஓ எண்ணைச் சேர்ப்பது வழக்கம். நல்ல யோசனைதான், பெயர் காலியாகக் கிடைக்கவும் உதவும். ஆனால் எண்ணில் தொடங்கும் நிக்கை வலை ஏற்காது. "58பாண்டி" நடக்காது, "பாண்டி58" நடக்கும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இங்கே கிடையாது. முதல் எழுத்தைப் பெரிதாக்கி வேறொருவர் அதே பெயரை எடுத்துவிடுவாரோ என்ற கவலை வேண்டாம். சதுர அடைப்பும் நெளி அடைப்பும்கூட ஒன்றாகவே எண்ணப்படும்.

பிறந்த தேதி, போன் எண் இரண்டையும் நிக்கில் வைக்காதீர்கள். சேனல் உரையாடலைச் சேமித்து இணையத்தில் போட்டு வைக்கும் திட்டங்கள் உண்டு. ஒருமுறை ஏறினால் இறங்காது.

3. இணைப்பு: சேனலுக்குள் போகாமல் வெறுமனே நுழைவது

சர்வர் முகவரி ஐஆர்சி புள்ளி லிபெரா புள்ளி சாட். போர்ட் 6697, டிஎல்எஸ் (மறையாக்கம்) இயக்கத்தில். 6667 என்ற பழைய போர்ட்டும் வேலை செய்யும், ஆனால் அதில் நீங்கள் அனுப்பும் பாஸ்வேர்ட் மறையாக்கம் இல்லாமல் போகும். அந்த வைஃபையில் இருக்கும் யாரும் படிக்கலாம்.

கல்லூரி லேப்பில் 6697 அடைபட்டிருந்தால் லிபெராவின் வெப் கிளையன்ட்டைத் திறங்கள் (ஐஆர்சி-க்குள் போகும் மென்பொருளுக்குக் கிளையன்ட் என்று பெயர்). அது சாதாரண இணையதளம் போல உலாவியிலேயே ஓடுவதால் பெரும்பாலும் தடை இருக்காது.

பயிலரங்கு நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. லேப்பில் இருக்கும் எல்லாக் கணினியும் வெளியுலகுக்கு ஒரே ஐபி முகவரியாகத் தெரியும். ஒரு ஐபியிலிருந்து இத்தனை இணைப்புதான் என்று லிபெரா வரம்பு வைத்திருக்கிறது. மொத்த வகுப்பையும் ஒரே நேரத்தில் நுழையச் சொன்னால் முதல் சிலர் நுழைவார்கள், மற்றவர்களுக்குக் கதவு திறக்காது. சில நாள் முன்பே லிபெரா ஊழியர்களிடம் சொல்லி விலக்கு வாங்குங்கள். முடியாவிட்டால் பிள்ளைகளை அவரவர் போன் டேட்டாவில் வரச் சொல்லுங்கள்.

விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். சில ஐபி வரிசைகளிலிருந்து ஏற்கெனவே பதிவு செய்தவர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். புதிதாகப் பதிவு செய்ய வருபவர் அங்கே மாட்டினால், முதலில் வேறு இணைப்பிலிருந்து பதிவை முடித்துவிட்டு வர வேண்டும்.

இணைவதற்கு முன் கிளையன்ட்டின் அமைப்பில் "ரியல் நேம்", "யூசர்நேம்" என்ற இரண்டு கட்டங்களைப் பாருங்கள். பல மென்பொருள்கள் கணினியில் இருக்கும் உங்கள் முழுப் பெயரைத் தாங்களாகவே நிரப்பிவிடும். யார் வேண்டுமானாலும் ஹூஇஸ் கட்டளை போட்டு அதைப் படிக்கலாம். குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம் இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: நிக்கையே அந்தக் கட்டங்களிலும் போடுங்கள், போதும்.

தானாகச் சேனலில் சேரும் வசதி இருந்தால் இப்போதைக்கு அணைத்து வையுங்கள். காரணம் எட்டாவது பகுதியில்.

4. பெயர் காலியா என்று பார்ப்பது

ஏதோ ஒரு தற்காலிக நிக்கில் இணைந்ததும், ஸ்டேட்டஸ் சாளரத்தில் (சர்வரின் செய்திகள் வரும் சாளரம், சேனல் சாளரம் இல்லை)

/எம்எஸ்ஜி நிக்சர்வ் இன்ஃபோ பாண்டி58

என்று அனுப்புங்கள். "நாட் ரெஜிஸ்டர்ட்" என்று வந்தால் காலி. பதிவாகியிருந்தால் எப்போது பதிவானது, கடைசியாக எப்போது வந்தார் என்பதையும் அது காட்டும்.

பதிவானவர் மாதக்கணக்கில் வரவே இல்லை என்றால் அந்த நிக் காலாவதியாகியிருக்கலாம். அது தானாக விடுபடும் என்று காத்திருக்காதீர்கள். லிபெரா சேனலில் போய் ஊழியர்களிடம் கேட்டால், விதிப்படி விடுவிக்க முடியுமா என்று பார்த்துச் சொல்வார்கள். புதியவர்களுக்கு என் யோசனை, அந்த வம்பே வேண்டாம், பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள்.

5. பதிவு

நிக்சர்வ் பதிவு செய்வது நீங்கள் அந்த நொடியில் எந்த நிக்கில் இருக்கிறீர்களோ அதை. கட்டளைக்குள் பெயர் கிடையாது. அதனால் முதலில்

/நிக் பாண்டி58

அது மாறிவிட்டது என்று திரையில் பார்த்த பிறகு

/எம்எஸ்ஜி நிக்சர்வ் ரெஜிஸ்டர் பாஸ்வேர்ட் மெயில்முகவரி

முதல் படியை விட்டுவிட்டு, இணையும்போது போட்ட தற்காலிகப் பெயரையே பதிவு செய்துவிட்டு வந்து நிற்பவர்கள் நிறைய. பிறகு மாற்றலாம்தான், ஆனால் முதலில் பதிவாகும் நிக்கே கணக்கின் பெயராகவும் ஆகிவிடும்.

வரிசை: பாஸ்வேர்ட் முன்னால், மெயில் பின்னால். மாற்றிப் போட்டால் மெயில் முகவரி சரியில்லை என்று பிழை வரும், பதிவு நடக்காது. அப்போது திருத்தி அனுப்பினால் சரி.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சாய்கோட்டுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழுந்துவிட்டால் அந்த வரி கட்டளை ஆகாது, சாதாரணப் பேச்சாகிவிடும். சேனல் சாளரத்தில் இருந்தால் பாஸ்வேர்ட், மெயில் இரண்டும் அங்கிருக்கும் நூற்றுக்கணக்கானோர் கண்ணில் படும். அழிக்கும் வசதி ஐஆர்சி-யில் கிடையாது. போனில் தட்டும்போது தானாக இடைவெளி விழுவது சாதாரணமாக நடக்கும். பாஸ்வேர்ட் வரும் எந்தக் கட்டளையையும் ஸ்டேட்டஸ் சாளரத்தில் மட்டும் தட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். அங்கே தவறாகத் தட்டினாலும் யாருக்கும் போகாது.

6. மெயிலில் வரும் குறியீடு

பதிவு செய்ததும் ஒரு மெயில் வரும். வராவிட்டால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். உள்ளே இப்படி ஒரு முழுக் கட்டளை இருக்கும்:

/எம்எஸ்ஜி நிக்சர்வ் வெரிஃபை ரெஜிஸ்டர் பாண்டி58 குறியீடு

அதை அப்படியே நகலெடுத்து ஸ்டேட்டஸ் சாளரத்தில் ஒட்டுங்கள். குறியீட்டைப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டாம், சிறிய எல்லும் பெரிய ஐயும் ஒரே மாதிரி இருக்கும்.

ஒரு நாளுக்குள் இதைச் செய்யாவிட்டால் பதிவு கலைந்துவிடும். "ரெஜிஸ்டர் ஆயிடுச்சு" என்று வீட்டுக்குப் போய், மறுவாரம் வந்து பாஸ்வேர்ட் ஏற்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இந்தப் படியை விட்டவர்கள். முடித்துவிட்டு மீண்டும் ஒருமுறை இன்ஃபோ போட்டுப் பாருங்கள்.

7. இணையும்போதே உள்நுழைவது: எஸ்ஏஎஸ்எல்

இந்த வழிகாட்டியில் ஒரு படியைத்தான் பொறுமையாகச் செய்வேன் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

சாதாரண வழியில், இணைந்த பிறகு

/எம்எஸ்ஜி நிக்சர்வ் ஐடென்டிஃபை பாண்டி58 பாஸ்வேர்ட்

என்று தட்டி உள்நுழைய வேண்டும். ஒவ்வொரு முறையும் கையால் பாஸ்வேர்ட் தட்டினால், என்றாவது ஒரு நாள் தவறான சாளரத்தில் தட்டத்தான் போகிறீர்கள். தானாக அனுப்பும்படி வைத்தாலும், அது போய்ச் சேரும் முன் கிளையன்ட் சேனல்களில் சேர்ந்துவிடும். பதிவு செய்தவர்களை மட்டும் அனுமதிக்கும் சேனல்கள் உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். மற்ற சேனல்களில் உங்கள் உண்மையான ஐபி முகவரி எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எஸ்ஏஎஸ்எல் வழியில் இணைப்பு முழுமையடையும் முன்பே கணக்குச் சரிபார்ப்பு முடிந்துவிடுகிறது. சேனலில் கால் வைக்கும்போது நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்தவர்.

எங்கே வைப்பது? நம் பக்கத்து லேப்களில் அதிகம் பார்ப்பது ஹெக்ஸ்சாட். 2024-ல் கடைசி வெளியீட்டோடு அதன் மேம்பாடு நின்றுவிட்டது, ஆனாலும் பல கணினிகளில் இருக்கிறது. அதில் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து, லிபெராவைத் தேர்ந்து, எடிட் அழுத்துங்கள். "யூஸ் குளோபல் யூசர் இன்ஃபர்மேஷன்" என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். இதை எடுக்காவிட்டால் கீழே இருக்கும் யூசர்நேம் கட்டம் திறக்காது, கணினியின் பெயரே கணக்குப் பெயராகப் போய் ஒவ்வொரு முறையும் தோற்கும். டிக்கை எடுத்ததும் யூசர்நேம் கட்டத்தில் கணக்குப் பெயர், லாகின் மெத்தடில் எஸ்ஏஎஸ்எல், பாஸ்வேர்ட் கட்டத்தில் பாஸ்வேர்ட். அவ்வளவுதான்.

வீசாட், இர்சி போன்ற எழுத்துத்திரைக் கிளையன்ட்களில் சர்வர் அமைப்பிலேயே எஸ்ஏஎஸ்எல் யூசர்நேம், பாஸ்வேர்ட், முறை என்று மூன்று இருக்கும். முறைக்கு "பிளெயின்" என்று கொடுங்கள். டிஎல்எஸ் ஓடும்போது அதில் ஆபத்தில்லை. எஸ்ஏஎஸ்எல் தெரியாத பழைய மென்பொருளாக இருந்தால், சர்வர் பாஸ்வேர்ட் கட்டத்தில் கணக்குப் பெயர், ஒரு முக்காற்புள்ளி, பாஸ்வேர்ட் மூன்றையும் இடைவெளியின்றி எழுதினால் லிபெரா ஏற்றுக்கொள்ளும்.

இப்போது துண்டித்துவிட்டு மறுபடி இணையுங்கள். தொடக்கத்தில் ஓடும் வரிகளில் "யூ ஆர் நௌ லாக்டு இன் ஆஸ்" என்று உங்கள் கணக்குப் பெயரோடு ஒரு வரி வர வேண்டும். எஸ்ஏஎஸ்எல் தோற்றாலும் சில கிளையன்ட்கள் சத்தமில்லாமல் இணைப்பைத் தொடர்ந்துவிடும். எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். அந்த வரியைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

8. ஐபி முகவரியை மறைத்துவிட்டுச் சேனலுக்குப் போவது

/ஹூஇஸ் பாண்டி58

என்று உங்களையே பாருங்கள். நிக்குக்குப் பக்கத்தில் "யூசர்" என்று தொடங்கி, சாய்கோடு, கணக்குப் பெயர் என்று இருந்தால் மறைப்பு விழுந்துவிட்டது. எண்களாகவோ உங்கள் இணைய நிறுவனத்தின் பெயராகவோ தெரிந்தால் விழவில்லை. லிபெரா-க்ளோக் என்ற சேனலில் சேர்ந்து, ஆச்சரியக்குறி, உடனே ஒட்டி "க்ளோக்மீ" என்று தட்டினால் அங்கிருக்கும் நிரல் மறைப்பைக் கொடுத்துவிடும். சேனல் பெயருக்கு முன் ஹேஷ் குறி வரும்.

மறைப்பு வெறும் அந்தரங்கத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். செல்போன் டேட்டாவில் பல பேர் ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். திருமங்கலத்தில் யாரோ ஒருவர் சேனலில் ரகளை செய்து அந்த ஐபிக்குத் தடை விழுந்தால், அதே ஐபியில் காளவாசலில் இருக்கும் உங்களுக்கும் விழும். கணக்கோடு சேர்ந்த மறைப்பு இருந்தால் நீங்கள் தனியாளாகத் தெரிவீர்கள்.

இதன் பிறகு தானாகச் சேனலில் சேரும் வசதியை இயக்கலாம். முன்பே இயக்கியிருந்தால் உங்கள் ஐபி ஏற்கெனவே சேனல் பதிவுகளில் ஏறியிருக்கும்.

9. மாற்று நிக்குகளையும் சேர்த்து வைப்பது

நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. அழகர் என்பதை எல் போட்டும் எழுதுவார்கள், இசட்-எச் போட்டும் எழுதுவார்கள். ஒன்றைப் பதிவு செய்துவிட்டு மற்றதை விட்டால், வேறொருவர் அதை எடுத்து உங்களைப் போலவே பேசலாம். மற்ற எழுத்துக்கூட்டலையும், இணைப்பு அறும்போது தானாக விழும் கீழ்க்கோட்டு நிக்கையும் சேர்த்துவிடுங்கள்.

உள்நுழைந்த நிலையிலேயே /நிக் கட்டளையால் அந்த மாற்று நிக்குக்கு மாறி,

/எம்எஸ்ஜி நிக்சர்வ் குரூப்

என்று அனுப்பினால் போதும். இதற்கு மறுபடியும் ரெஜிஸ்டர் போடாதீர்கள், தேவையில்லாமல் தனிக் கணக்கு தொடங்கப் பார்ப்பதாகிவிடும்.

இரண்டு மூன்று போதும். ஊரில் இருக்கும் பெயரையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்வதை அங்கே யாரும் விரும்புவதில்லை. வேண்டாத நிக்கை "அன்குரூப்" போட்டு விட்டுவிடலாம்.

10. என்ஃபோர்ஸ்: இப்போதுதான், இதற்கு முன் இல்லை

பதிவு செய்ததாலேயே மற்றவர்கள் உங்கள் நிக்கைப் பயன்படுத்த முடியாது என்று ஆகிவிடாது. நீங்கள் இல்லாத நேரத்தில் ஒருவர் அந்தப் பெயரில் வந்து உட்காரலாம். "இது பதிவான நிக்" என்று அவருக்கு ஓர் அறிவிப்பு வரும், அவ்வளவுதான். தடுக்க வேண்டுமென்றால் நீங்களாக இயக்க வேண்டும்:

/எம்எஸ்ஜி நிக்சர்வ் செட் என்ஃபோர்ஸ் ஆன்

இதன் பிறகு யாராவது அந்த நிக்கில் வந்தால் அரை நிமிடம்போல அவகாசம் கிடைக்கும். பாஸ்வேர்ட் கொடுக்காவிட்டால் நிக் "கெஸ்ட்" என்று மாற்றப்படும்.

இது உங்களுக்கும் பொருந்தும். எஸ்ஏஎஸ்எல் இல்லாமல் இதை இயக்கியவர் டவர் சரியாக எடுக்காத இடத்தில் போனில் இணைந்தால், பாஸ்வேர்டைத் தட்டி முடிப்பதற்குள் கெஸ்ட் ஆகிவிடுவார். அதனால்தான் ஏழாவது படிக்குப் பிறகு பத்தாவது.

11. கரண்ட் போய் வந்ததும் நிக் போயிருந்தால்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இது நிச்சயம் நடக்கும். ரௌட்டர் அணைந்ததும் உங்கள் கணினி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறது. சர்வருக்கு அது தெரியாது, பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாகவே சில நிமிடம் நினைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் உடனே போன் டேட்டாவில் இணைந்தால் "நிக்நேம் இஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று வந்து, பாண்டி58 என்பது பின்னால் ஒரு கீழ்க்கோட்டோடு மாறியிருக்கும். யாரோ திருடிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பது உங்கள் பழைய இணைப்புதான்.

/எம்எஸ்ஜி நிக்சர்வ் ரீகெய்ன் பாண்டி58

என்று அனுப்பினால் பழைய இணைப்பு அறுந்து நிக் உங்கள் கைக்கு வந்துவிடும். எஸ்ஏஎஸ்எல் வழியே உள்நுழைந்திருந்தால் பாஸ்வேர்ட் தேவையில்லை, இல்லாவிட்டால் கடைசியில் சேர்க்க வேண்டும். "கோஸ்ட்" என்ற கட்டளையும் பழைய இணைப்பை அறுக்கும், ஆனால் நிக்கை மாற்றித் தராது. அதன் பிறகு /நிக் நீங்கள் போட வேண்டும். என்ஃபோர்ஸால் சர்வரே நிக்கைப் பிடித்து வைத்திருந்தால் "ரிலீஸ்" அதை விடுவிக்கும். மூன்றில் ரீகெய்ன் ஒன்றை நினைவில் வைத்தால் பெரும்பாலும் போதும்.

12. பாஸ்வேர்ட் மறந்தால், கசிந்தால்

மறந்தால்:

/எம்எஸ்ஜி நிக்சர்வ் சென்ட்பாஸ் பாண்டி58

பதிந்த மெயிலுக்கு ஒரு குறியீடும், புதிய பாஸ்வேர்ட் வைக்கும் கட்டளையும் வரும். ஒன்றாம் பகுதியில் மெயிலைப் பற்றி அவ்வளவு பேசியது இதற்குத்தான்.

சேனலில் தவறித் தட்டிக் கசிந்துவிட்டால் மன்னிப்புக் கேட்டு விளக்கம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது:

/எம்எஸ்ஜி நிக்சர்வ் செட் பாஸ்வேர்ட் புதியபாஸ்வேர்ட்

மாற்றியதால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வெளியேறிவிட மாட்டார். அடுத்து உங்கள் நிக்குக்கே இன்ஃபோ போட்டு, கணக்கில் வேறு இணைப்பு இருக்கிறதா, மெயில் முகவரி உங்களுடையதுதானா என்று பாருங்கள். தெரியாத இணைப்பு இருந்தால் கோஸ்ட். "சர்ட் லிஸ்ட்" கொடுத்து, நீங்கள் சேர்க்காத சான்றிதழ் (அடுத்த பகுதியில் வருவது) எதுவும் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் சான்றிதழ் வழியே நுழையலாம் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது. மெயிலையே மாற்றிவிட்டார்கள் என்றால் லிபெரா சேனலில் ஊழியர்களிடம் போய்ச் சொல்வதுதான் வழி.

தனிச்செய்தியில் வந்து "நான் ஊழியர், சரிபார்க்க பாஸ்வேர்ட் அனுப்பு" என்று கேட்பவர் ஊழியர் இல்லை. அவர்களுக்கு உங்கள் பாஸ்வேர்ட் தேவைப்படவே படாது.

13. விருப்பம் இருந்தால்: சான்றிதழ் வழி உள்நுழைவு

பாஸ்வேர்டை அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கப் பிடிக்காதவர்களுக்கு இது. ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்டு நீங்களே கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்றை உருவாக்கி, அந்தப் பெம் கோப்பு இருக்கும் இடத்தைக் கிளையன்ட்டில் காட்டுங்கள். வழக்கம்போல பாஸ்வேர்டில் உள்நுழைந்து

/எம்எஸ்ஜி நிக்சர்வ் சர்ட் ஆட்

என்று அனுப்பினால், அப்போது பயன்படும் சான்றிதழின் கைரேகை கணக்கில் பதிந்துவிடும். பிறகு எஸ்ஏஎஸ்எல் முறையை "பிளெயின்" என்பதிலிருந்து "எக்ஸ்டெர்னல்" என்று மாற்றுங்கள்.

முறையை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் சர்ட் ஆட் போட முயல்வது வழக்கமான தவறு. உள்நுழைவே தோற்கும், பிறகு எங்கே சேர்ப்பது? சான்றிதழுக்கு நீங்கள் கொடுத்த காலம் முடியும் முன் புதியதைச் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்குங்கள். பென்டிரைவில் போட்டுக்கொண்டு லேப் லேப்பாகத் திரிய வேண்டாம். அந்தக் கோப்பு கிடைத்தவர் பாஸ்வேர்ட் இல்லாமலே நீங்கள் ஆகிவிடுவார்.

14. மற்ற வலைகளுக்குப் போகும்போது

லிபெராவில் செய்த பதிவு லிபெராவுக்கு மட்டும். இன்னொரு வலையில் அதே நிக் வேறொருவருடையதாக இருக்கலாம்.

டெபியன்காரர்கள் புழங்கும் ஓஎஃப்டிசி வலையிலும் நிக்சர்வ் உண்டு, ரெஜிஸ்டர் கட்டளையும் அதே வரிசைதான். ஆனால் ஐடென்டிஃபை வரிசை தலைகீழ்: அங்கே பாஸ்வேர்ட் முன்னால், நிக் பின்னால். உறுதி செய்வது அவர்கள் இணையதளம் வழியாக, முடிந்ததும் "செக்வெரிஃபை" அனுப்ப வேண்டும். குரூப் என்பதற்குப் பதில் "லிங்க்".

குவேக்நெட்டிலும் அண்டர்நெட்டிலும் கணக்கு பதிவு செய்யலாம், நிக் உங்களுக்குச் சொந்தமாகாது. இஎஃப்நெட், ஐஆர்சிநெட் இரண்டிலும் நிக்சர்வே கிடையாது. யார் முதலில் வருகிறாரோ அவருக்கு அந்த நேரத்துக்கு அந்தப் பெயர். அங்கே போய் "/எம்எஸ்ஜி நிக்சர்வ்" என்று பாஸ்வேர்டோடு தட்டினால், நிக்சர்வ் என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாரோ ஓர் ஆளுக்கு அது போய்ச் சேரலாம். புதிய வலையில் பாஸ்வேர்ட் தட்டும் முன் நிக்சர்வுக்கு ஒரு ஹூஇஸ் போட்டு, அது அந்த வலையின் சர்வீசஸ் சர்வரில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.